முப்பத்திரண்டு பக்கம்

படப்புத்தகம் இன்னும் முடியவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்க்கிறவர்களிடமெல்லாம் “முடியப் போகுது, முடியப் போகுது” என்று சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. எழுதுவதும் நான், வரைவதும் நான் என்பதால் பழியைத் தள்ளிவிட வேறு ஆளும் கிடையாது. மற்றவர்களுக்கென்றால் “ஓவியர் இழுத்தடிக்கிறார்” என்று எழுத்தாளர் சொல்லலாம், “கதையே இன்னும் கைக்கு வரல சார்” என்று ஓவியர் சொல்லலாம். எனக்கு அந்த வசதி இல்லை.

மேசையில் இப்போது மூன்று வேலைகள் கிடக்கின்றன. ஒன்று, சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பறவைகளை வைத்துச் செய்கிற இந்தப் படப்புத்தகம். இரண்டு, பெரியவர்களுக்கான சிறுகதைத் தொகுப்பு. மூன்று, வீட்டு வாடகையைக் கட்டுகிற வேலை, அதாவது பத்திரிகைகளுக்கும் பதிப்பகங்களுக்கும் படம் போட்டுக் கொடுப்பது. மூன்றும் ஒரே வேகத்தில் போகவில்லை, போகவும் போகாது. மனசு முழுக்க முதல் வேலையில் கிடப்பதால் இங்கே அதிகம் பேசப்போவதும் அதைத்தான்.

குழந்தைகள் படப்புத்தகம் ஏன் பெரும்பாலும் 32 பக்கமாகவே இருக்கிறது என்று ஒருநாளாவது அச்சகத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். பெரிய தாளின் ஒரு பக்கத்தில் எட்டு, பின்பக்கத்தில் எட்டு என்று அடித்து மடித்து வெட்டினால் பதினாறு பக்கம் வரும். அது ஒரு ஃபாரம். இரண்டு ஃபாரம் சேர்ந்தால் 32. மூன்றாவது ஃபாரத்துக்குப் போனால் 48 பக்கமாகி, விலை ஏறி, வாங்க வந்த அம்மா அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடுவார். ஆக, கதை எவ்வளவு பெரிது என்பதைக் கற்பனை முடிவு செய்வதில்லை, தாளின் மடிப்பு முடிவு செய்கிறது. தலைப்புக்கு ஒரு பக்கம், பதிப்பு விவரத்துக்கு ஒன்று, சமர்ப்பணத்துக்கு ஒன்று, கடைசிப் பக்கம் ஒன்று. அதெல்லாம் போக மிஞ்சுவது 28 பக்கம். விரித்துப் பார்த்தால் பதினான்கு இரட்டைப் பக்கங்கள். அவ்வளவுதான் நமக்கு அளந்துவிட்ட நிலம்.

நான் எப்போதும் எட்டு ஏ-4 தாளை எடுத்து நடுவில் மடித்து, முதுகில் இரண்டு பின் அடித்துக்கொள்வேன். அதுதான் டம்மி, அதாவது மாதிரிப் புத்தகம். பென்சிலால் தீப்பெட்டி அளவுக்குப் படங்களைக் கிறுக்கி, பக்கம் புரட்டிப் பார்ப்பேன். கணினியில் எல்லாப் பக்கங்களையும் ஒரே திரையில் பார்க்கலாம் என்றாலும் எனக்கு அது உதவாது. குழந்தை பக்கத்தைப் புரட்டுகிற அந்த ஒரு நொடியில்தான் படப்புத்தகத்தின் திருப்பங்கள் எல்லாம் நடக்கின்றன. வலப்பக்கத்தின் கடைசி வரியில் ஒரு கேள்வி கிடக்க வேண்டும், புரட்டினால் பதில் படமாக வந்து விழ வேண்டும். திரையில் அந்தத் தாமதம் கிடைப்பதில்லை. காகிதத்தைக் கையால் புரட்டினால்தான் எந்த இடத்தில் கதை மூச்சு வாங்குகிறது, எங்கே வேண்டாத இடத்தில் ஓடுகிறது என்று பிடிபடும்.

இந்த வருஷத்தில் இப்படிச் செய்த டம்மிகள் ஒரு பழைய சூட்கேஸை நிரப்பியிருக்கின்றன. அவற்றை வரிசையாக எடுத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. எழுத்து குறைந்துகொண்டே வந்திருக்கிறது. என்னைக் கேட்டால் இந்த வருஷத்து முன்னேற்றம் அதுதான். அதை வெளியே சொன்னால் யாரும் நம்புவதில்லை. “என்ன எழுதினீங்க?” என்று கேட்கிறவரிடம் “நிறைய அடித்தேன்” என்றா சொல்வது?

ஒரு உதாரணம் காட்டுகிறேன். கதையில் வருகிற சிறுமியின் பெயர் கயல். முதல் டம்மியில் மூன்றாவது இரட்டைப் பக்கத்துக்கு நான் எழுதி வைத்திருந்தது இது:

“மாலை வெயில் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. கண்மாய்க்குள் நின்ற கருவேல மரங்களின் உச்சியில் நூற்றுக்கணக்கான நாரைகள் கூடு கட்டியிருந்தன. கரையில் உட்கார்ந்து கயல் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.”

எழுதியபோது பிடித்துத்தான் இருந்தது. வரைய உட்கார்ந்ததும் சங்கடம் ஆரம்பித்தது. வெயில் மஞ்சள் என்று நான் வண்ணத்தில் காட்டப் போகிறேன். மரம் கண்மாய்க்குள் நிற்பது தெரியப் போகிறது. கூடுகள் தெரியப் போகின்றன. கயல் கரையில் உட்கார்ந்திருப்பதும் தெரியப் போகிறது. அப்படியானால் இந்த மூன்று வாக்கியங்கள் எதற்கு? படிக்கிற அப்பாவோ அம்மாவோ எழுத்தை வாசித்து முடிக்கும்வரை படத்தை ஏற்கெனவே பார்த்துவிட்ட குழந்தை சும்மா காத்திருக்க வேண்டும். இப்போது அந்தப் பக்கத்தில் இருப்பது ஒரே வரி:

“‘எத்தனை?’ என்று கேட்டாள் கயல்.”

மிச்சத்தைப் படம் பார்த்துக்கொள்கிறது. குழந்தை எண்ண ஆரம்பிக்கும், எண்ணி முடியாது. அடுத்த பக்கத்தில் கயலாலும் முடியவில்லை. இந்த ஒரு வரிக்கு வந்து சேர எனக்குள் இருக்கிற எழுத்தாளருக்கும் ஓவியருக்கும் நடந்த சண்டை கொஞ்சநஞ்சமல்ல. எழுத்தாளருக்கு “மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது” போனதில் இன்றைக்கும் வருத்தம்தான்.

அச்சுப் பக்கத்தின் நிர்ப்பந்தமும் ஓவியர் பக்கமே சேர்ந்துகொண்டது. ஆறு வயதுக் குழந்தை எழுத்துக்கூட்டி வாசிக்க வேண்டுமென்றால் எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். இருபத்துநான்கு பாயின்ட்டில் “பார்த்துக்கொண்டிருந்தாள்” என்று போட்டால் அந்தச் சொல் ஒன்றே ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, நாரையின் கால்மேல் ஏறி நிற்கும். “பார்த்தாள்” போதும் என்று ஓவியர் சொன்னார். யோசித்துப் பார்த்தால் வாசிக்கிற குழந்தையும் அதையேதான் சொல்லும்.

வேட்டங்குடி பற்றித் தெரியாதவர்களுக்கு: மதுரையிலிருந்து மேலூர் வழியாகத் திருப்பத்தூர் போகிற பாதையில் இருக்கிறது. நான் சொல்வது சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர். வேட்டங்குடிப்பட்டி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி என்று அடுத்தடுத்துக் கிடக்கிற கண்மாய்களைச் சேர்த்து 1977இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். வடகிழக்குப் பருவமழை பெய்து கண்மாய் நிரம்பினால் பறவைகள் வந்து இறங்கும். நத்தைகுத்தி நாரை, சாம்பல் நாரை, வக்கா, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம், பாம்புத்தாரா என்று ஒரே மரத்தில் நாலைந்து சாதி குடும்பம் நடத்தும். மழை பொய்த்தால் அவையும் வராது. அந்த ஊர்க்காரர்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. குஞ்சுகள் கூட்டில் இருக்கிற நேரம் அது. ஒவ்வொரு தீபாவளிக்கும் செய்தித்தாளில் இந்த ஊரைப் பற்றி ஒரு பத்தி வரும். வனத்துறையினர் இனிப்பு கொடுப்பார்கள், அந்தப் படமும் வரும்.

இதை வைத்துக் கதை செய்கிறேன் என்றதும் தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்ன முதல் வார்த்தை “ஆஹா, நல்ல மெசேஜ்!” எனக்கு வயிற்றைக் கலக்கியது. குழந்தைக்குப் புத்தகம் என்றாலே கடைசிப் பக்கத்தில் யாராவது விரலை நீட்டி எதையாவது சொல்லித்தர வேண்டும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ‘ஆகவே குழந்தைகளே’ என்று முடிகிற கதைகளைப் படித்து வளர்ந்தவள் நான். அந்தக் கடைசிப் பத்தியைப் படிக்காமல் அடுத்த கதைக்குத் தாவிய பிள்ளையும் நான்தான். அதனால் கயலை நல்ல பிள்ளையாக்க எனக்கு மனசில்லை. அவளுக்கு வெடி வேண்டும். பக்கத்து ஊரில் இருக்கிற அத்தை மகன் சரவெடி வைப்பான், இவள் மத்தாப்பை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பாளா? அவள் கோபமாகத்தான் கரைக்கு வருகிறாள். பறவைகள்மேல் அவளுக்குப் பாசமெல்லாம் ஆரம்பத்தில் கிடையாது.

இந்தக் கோபம் என் கற்பனை அல்ல. ஊரில் ஒரு திண்ணையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தபோது ஒரு அப்பத்தா வந்து நோட்டை எட்டிப் பார்த்தார்.

“என்ன தாயி, கொக்கையே போட்டுக்கிட்டு இருக்க? மனுசங்களையும் போடு.”

“போடுறேன் அப்பத்தா. அப்படியே செத்த உக்காருங்க.”

“நான் உக்காந்தா நீ கொக்காத்தான் போட்டு வைப்ப.”

உட்கார்ந்தார். பேரப்பிள்ளைகள் வெடி கேட்க மாட்டார்களா என்று கேட்டேன்.

“கேக்காம என்ன? திருப்பத்தூருக்குப் போயி ஆசை தீர வெடிச்சுட்டு வருவானுங்க. இங்கன வந்தா கையக் கட்டிக்கிட்டு நிப்பானுங்க. பிள்ளைப்பேறுக்கு ஆத்தா வீட்டுக்கு வந்த மக மாதிரி அதுக வந்திருக்கு. காதுகிட்ட போயி வெடியப் போடலாமா?”

எல்லாரும் எதிர்பார்க்கிற அந்த ‘மெசேஜ்’ இதற்குமேல் என்ன இருக்கிறது? அதையும் கதையில் யாரையும் சொல்ல விடவில்லை. மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிற ஒரு வீட்டை மட்டும் ஐந்தாவது இரட்டைப் பக்கத்தின் ஓரத்தில் வரைந்திருக்கிறேன். கொடியில் துணித்தூளி தொங்கும். கவனிக்கிறவர்கள் கவனிக்கட்டும்.

பறவைகளை நேரில் பார்த்து வரைந்ததில் கிடைத்த பெரிய லாபம் நத்தைகுத்தி நாரையின் அலகுதான். வளர்ந்த பறவையின் அலகு மூடியிருக்கும்போதும் நடுவில் ஒரு சந்து தெரியும். மேலலகும் கீழலகும் நுனியில் மட்டும் சேரும். நத்தையைப் பிடிக்க அந்த அமைப்பு அதற்குத் தோதாக இருக்கிறது. குஞ்சுக்கு அந்தச் சந்து கிடையாது. அலகு நேராக இருக்கும், வளர வளரத்தான் விலகும். இது தெரிந்ததும் கதையில் நாள் கடந்துபோவதைச் சொல்ல எனக்கு ஒரு வார்த்தைகூடத் தேவைப்படவில்லை. ஆறாவது இரட்டைப் பக்கத்தில் கயல் பார்க்கிற குஞ்சுக்கு நேரான அலகு. கடைசியில் மரத்தை விட்டுக் கிளம்புகிற அதே பறவையின் அலகில் மெல்லிய வெளிச்சக் கீற்று. “நாட்கள் ஓடின”, “மாதங்கள் கடந்தன” எல்லாம் டம்மியிலிருந்து வெளியேறின. அந்த வெளிச்சத்தைப் பத்துக் குழந்தைகளில் ஒரு குழந்தை கண்டுபிடித்து “இதுக்கு ஏன் ஓட்டை விழுந்துருச்சு?” என்று கேட்டால் போதும்.

படம் சொல்ல முடியாதவையும் உண்டு. கண்மாய்க் கரையில் அடிக்கிற எச்ச நாற்றத்தை எந்தத் தூரிகையாலும் வரைய முடியாது. மரங்கள் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துக் கிடப்பதை வரையலாம், கயலை மூக்கைப் பொத்திக்கொள்ள வைக்கலாம், அவ்வளவுதான். ஆனால் நாற்றம் எனக்குப் பெரிய பிரச்சினையாக இல்லை. என்னை மாதக்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார வைத்தது ஒன்பதாவது இரட்டைப் பக்கம்.

தீபாவளி இரவு. வெடிச்சத்தம் இல்லாத ஊர். கதையே இந்தப் பக்கத்துக்காகத்தான். அதை எப்படி வரைவது?

வெடி வெடிப்பதை வரைவது சுலபம். சிவப்பும் மஞ்சளுமாகப் பொறிகள், காதைப் பொத்திய பிள்ளைகள், புகை. வெடிக்காததை? எந்தப் படமும் சத்தம் போடுவதில்லை. எல்லாப் படங்களும் ஊமைதான் என்னும்போது, இந்தப் படத்தில் மட்டும் சத்தம் இல்லை என்று படத்தால் எப்படிச் சொல்ல முடியும்? முதலில் தெரு முழுக்க அகல் விளக்குகளை வரைந்தேன். பார்த்தவர்கள் “கார்த்திகையா?” என்றார்கள். புதுத்துணி, எண்ணெய்த் தலை, அதிரசத் தட்டு என்று சேர்த்தேன். தீபாவளி வந்தது, அமைதி வரவில்லை. தூங்குகிற பறவைகளை மட்டும் வரைந்தேன். அது எந்த இரவாகவும் இருக்கலாம். இத்தனை நாள் எழுத்தாளரை வாயைத் திறக்கவிடாத ஓவியர், இந்த இடத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

எழுத்தாளர் ரொம்பக் குஷியாக வந்து, “அன்று ஊரில் வெடிச்சத்தமே கேட்கவில்லை” என்று எழுதிக் கொடுத்தார். உண்மைதான். ஆனால் செய்தித்தாள் பத்தியில் வருகிற வரி அது. இல்லாததை இல்லை என்று சொன்னால் தகவல் கிடைக்கும், அனுபவம் கிடைக்காது.

வழி கிடைத்தது வேறொரு வேலையின் நடுவில். ஒரு வாரப் பத்திரிகைக்குச் சித்திரக்கதைப் பக்கம் ஒன்று செய்துகொண்டிருந்தேன். அதில் கதவு சாத்துகிற ஒலியை எழுத்தாகவே வரைய வேண்டியிருந்தது. ஒலிக்குறிப்பு எழுத்துகள் படத்துக்கும் உரைக்கும் நடுவில் நிற்பவை. வாசிக்கவும் செய்கிறோம், பார்க்கவும் செய்கிறோம். பெரிதாகப் போட்டால் பெரிய சத்தம், சின்னதாகப் போட்டால் சின்னச் சத்தம். அப்படியானால், ரொம்பச் சின்னதாகப் போட்டால்?

இப்போது அந்தப் பக்கம் இப்படி இருக்கிறது. இடது ஓரத்தில், கண்மாய்க்கு அப்பால், அடிவானத்தில் நெல்மணி அளவுக்கு ஒரு வெளிச்சம். அதன்மேல் முடிக்கோட்டில் ஒரு “டம்”. பக்கத்திலேயே இன்னொரு “டம்”. அதற்கடுத்துப் பக்கம் முழுக்கக் கண்மாய்த் தண்ணீர், இருட்டு, மரங்கள், மரங்களில் வெள்ளை வெள்ளையாகப் பறவைகள். வலது ஓரத்தில் கரை, அணையப் போகிற மத்தாப்போடு கயல். எழுத்து இரண்டே வரி. இடப்பக்கத்தின் கீழே “அது பக்கத்து ஊர்.” வலப்பக்கத்தின் கீழே “இது எங்கள் ஊர்.”

முதலில் “டுமீல்” என்று எழுதிப் பார்த்தேன். அந்த அளவுக்குச் சுருக்கியதும் எழுத்தின் சுழிகள் அடைத்துக்கொண்டு கரும்புள்ளியாகிவிட்டன. ‘ட’வுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரு நெடுங்கோடு, ஒரு படுக்கைக்கோடு. எவ்வளவு சின்னதாக்கினாலும் நிற்கும்.

சுழி அடைப்பது இந்த இரண்டு எழுத்தோடு போகிற விஷயமில்லை. வண்ண அச்சில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நான்கு மைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. வரைபடச் செயலியில் நாம் சும்மா தொட்டு எடுக்கிற கறுப்பு, அச்சுக்கு மாற்றும்போது பெரும்பாலும் நான்கு மைகளின் கலவையாகிவிடும். அச்சு இயந்திரத்தில் தட்டுகள் ஒரு நூலிழை நகர்ந்தால் போதும், ‘ண’, ‘ணை’, ‘ஞ’ போன்ற எழுத்துகளின் வளையங்களுக்குள் நிறம் கசிந்து நிற்கும். பெரியவர்கள் பழக்கத்தில் வாசித்துவிடுவார்கள். இப்போதுதான் எழுத்துக்கூட்டுகிற பிள்ளை தடுமாறும். அதனால் உரையைப் படத்தோடு சேர்க்காமல் தனி அடுக்காக, தனிக் கறுப்பில் மட்டும் வைத்துக்கொள்கிறேன். படம் போட்டுத் தருகிற நண்பர்களுக்கு நான் ஓயாமல் சொல்வதும் இதைத்தான். இன்னொன்றும் உண்டு. படம் திருத்துகிற மென்பொருள்களில் தமிழைத் தட்டினால் கொம்பும் காலும் தனித்தனியே போய் நிற்கிறதென்று பலர் எழுத்துருவைத் திட்டுகிறார்கள். எழுத்துரு பாவம். மென்பொருளின் உரை அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான வசதியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் ‘கொ’ ஒழுங்காக வந்துவிடும்.

பச்சையைப் பற்றி மட்டும் புலம்பிவிட்டு நகர்கிறேன். திரையில் ஒளியாகத் தெரிகிற இளம்பயிர்ப் பச்சை அச்சு மையில் கிடைக்காது. அந்த நிறம் அந்த நான்கு மைகளின் எல்லைக்குள்ளேயே இல்லை. ஆகவே என் புத்தகத்தின் வயல்கள் எல்லாம் ஒரு மாதம் முதிர்ந்த பயிராகவே இருக்கப்போகின்றன.

பத்திரிகை வேலைக்கு வருகிறேன். அதைப் பற்றி அலுத்துக்கொள்வது ஓவியர்களிடையே ஒரு நாகரிகம். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. பழைய ஆனந்த விகடன் பக்கங்களைப் புரட்டினால், ஓவியர் மாலி பார்த்துப் பார்த்து வளர்த்த ஆட்கள் வாரா வாரம் என்ன செய்திருக்கிறார்கள் என்று தெரியும். கோபுலு 1924இல் தஞ்சாவூரில் பிறந்தவர், கும்பகோணத்து ஓவியப் பள்ளியில் படித்தவர். தொடர்கதைக்கும் நகைச்சுவைத் துணுக்குக்கும் ஒரே கையால் மாறி மாறி வரைந்தார். பக்கவாதம் வந்து வலக்கை ஓய்ந்தபோது இடக்கையால் வரையப் பழகிக்கொண்டார். சில்பி கோயில் கோயிலாகப் போய் சிற்பத்தின் எதிரே உட்கார்ந்து வரைந்தார். அம்புலிமாமா சங்கர் 1950களில் அம்புலிமாமா என்ற சிறுவர் பத்திரிகையில் சேர்ந்து, பல பத்தாண்டுகள் அதற்காக வரைந்துகொண்டிருந்தார். 2020இல்தான் மறைந்தார். இவர்கள் யாரும் ‘இந்த வருஷத்து இலக்கு’ என்று எழுதி வைத்திருப்பார்களா என்பது சந்தேகம். அடுத்த வாரத்து இதழ் இருந்தது, அது போதும்.

என் படப்புத்தகத்துக்கு அப்படிக் கெடு வைக்கிற ஒரு வியாழக்கிழமை இல்லை. யாரும் கேட்கப்போவதில்லை என்பதுதான் அதன் ருசியும் விஷமும். அதனால் பத்திரிகைப் பழக்கத்தை இரவல் வாங்கினேன். வாரத்துக்கு ஒரு நாளை ஒதுக்கி, அன்று மாலை எந்த நிலையில் இருந்தாலும் அந்தப் பக்கத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவிடுவது. நன்றாக வந்ததா என்பது அடுத்த வாரக் கவலை. சுவரில் ஒட்டிய படம் ஒரு வாரம் நம்மை முறைத்துக்கொண்டே இருக்கும். எது சரியில்லை என்று பல் விளக்கும்போது தெரிந்துவிடுகிறது.

இந்த வருஷம் நான் வைத்த இலக்குகளில் முழுசாக நிறைவேறியது ஒன்றுதான், அதற்கும் கலைக்கும் சம்பந்தமில்லை. கையெழுத்தான காகிதம் இல்லாமல் ஒரு படத்தையும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன், கொடுக்கவில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தைப் படம் போடுகிறவர்கள் ஒருதரமாவது உட்கார்ந்து வாசிக்க வேண்டும். ஒருவர் கேட்டு, காசு கொடுத்து வரையவைத்த ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், கேட்டவரே முதல் உரிமையாளர் ஆகிவிட முடியும் என்று 17ஆம் பிரிவு சொல்கிறது. நாம் “வரைந்தது நான்தானே” என்று நெஞ்சில் அடித்துக்கொள்வதில் பயனில்லை. அதே சமயம் 19ஆம் பிரிவு நமக்குக் கொஞ்சம் துணை நிற்கிறது. உரிமையை எழுதிக் கொடுக்கும்போது கால அளவு குறிப்பிடவில்லை என்றால் ஐந்து வருஷம் என்றே கொள்ள வேண்டும். எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். எழுதிக் கொடுத்த பிறகும், ‘இது என் படைப்பு’ என்று உரிமை கொண்டாடுவதை 57ஆம் பிரிவு நம்மிடமே விட்டுவைக்கிறது. இதையெல்லாம் கேட்டால் சில பதிப்பாளர்களின் முகம் மாறுகிறது. “நமக்குள்ள என்னம்மா பேப்பரெல்லாம்?” என்பார்கள். நமக்குள்ளே இருப்பதால்தான் வேண்டியிருக்கிறது. தமிழில் படப்புத்தகங்களின் முன்னட்டையில் எழுத்தாளர் பெயர் கொட்டை எழுத்திலும், ஓவியர் பெயர் உள்ளே பதிப்பு விவரப் பக்கத்தில் அச்சகத்தின் பெயருக்கு மேலேயும் போடுவது எந்த நியாயம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. முக்கால்வாசிக் கதையைப் படம் சொல்கிறது.

சிறுகதைத் தொகுப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பாதிக்குமேல் எழுதியவை மேசை இழுப்பறையில் இருக்கின்றன. படப்புத்தகம் எனக்குப் பிடித்துவைத்த வியாதி அங்கேயும் பரவிவிட்டது. கதையில் ஒருவர் அறைக்குள் வந்தால் சுவர் நிறத்தை எழுதக் கை வருவதில்லை, “அதைப் படம் பார்த்துக்கொள்ளும்” என்று மனசு சொல்கிறது. அங்கே படம் இல்லை. வாக்கியங்கள் எலும்பாக நிற்கின்றன. இரண்டையும் ஒரே காலத்தில் செய்ய எனக்கு வரவில்லை, மற்றவர்களுக்கு வரலாம். புத்தகம் அச்சுக்குப் போன பிறகுதான் இழுப்பறையைத் திறப்பேன்.

ஜனவரியில் நடக்கிற சென்னைப் புத்தகக் காட்சிக்குப் படப்புத்தகம் வராது. பதினொன்றாவது, பன்னிரண்டாவது இரட்டைப் பக்கங்களுக்கு வண்ணம் பாக்கி. அட்டை பென்சிலில் நிற்கிறது. ஜூனில் பள்ளி திறக்கும்போது கையில் இருந்தால் நல்லது, பள்ளி நூலகங்கள் வாங்குகிற நேரம் அது. அதைவிட முக்கியமான காரணம் அச்சகம். சிவகாசியில் ஆடிப்பெருக்குக்கு மாதிரி ஆல்பம் வெளியிட்டு ஆரம்பிக்கிற காலண்டர் வேலை வருஷக் கடைசிவரை ஓயாது. பொங்கல் கழிந்த பிறகுதான் நம்மைப் போன்ற சில்லறை ஆட்களிடம் நின்று பேச அவர்களுக்கு நேரம் கிடைக்கும்.

ஆம், சிவகாசியில்தான் அச்சடிக்கப் போகிறேன். கதையைக் கேட்ட அச்சகத்துத் தம்பி, “வெடி வேணாம்னு ஒரு புக்கு, அதை எங்க ஊருக்கே கொண்டு வந்து அடிக்கிறீங்களே அக்கா” என்று சிரித்தார். வேண்டாம் என்று புத்தகத்தில் எங்கேயும் சொல்லவில்லை தம்பி என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. டம்மியை வாங்கிப் புரட்டி, ஒன்பதாவது இரட்டைப் பக்கத்தில் நின்று, “இங்க ஏதோ தூசி விழுந்திருக்கு” என்று நகத்தால் சுரண்டினார். அது அந்த “டம்”.

இப்போது அந்த எழுத்தை எவ்வளவு பெரிதாக்குவது என்பதில் இருக்கிறேன். கொஞ்சம் கூட்டினால் சத்தம் கிட்டே வந்துவிடுகிறது. அப்படியே விட்டால் தூசி. காகிதமும் இதில் ஒரு கட்சி. ஆர்ட் பேப்பரில் கோடு கூர்மையாக விழும், ஆனால் குழல்விளக்கின் கீழே பளபளத்துக் கண்ணைக் கூசும். பளபளப்பில்லாத மேப்லித்தோ தாள் கைக்கு இதமாக இருக்கும், மையை உறிஞ்சி இரவு நீலத்தை அமுக்கிவிடும். “ரெண்டுலயும் ஒரு பக்கம் அடிச்சுக் காட்டுறேன், தை பொறந்ததும் வாங்க” என்றிருக்கிறார் தம்பி. மூன்று அளவுகளில் “டம்” எழுதி, ஒன்பதாவது பக்கத்தையே மூன்று கோப்பாக அவருக்கு அனுப்பியிருக்கிறேன்.